வளையத்தில் அடங்காத கால்சியம்

திண்டுக்கல் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்து அறிவியல் நோட்டைப் புரட்டினாலும் கால்சியம் அணு ஒரே மாதிரிதான் இருக்கும். காம்பஸ் முள் குத்திய ஓட்டைதான் அணுக்கரு. சுற்றி நான்கு வளையம், அவற்றில் 2, 8, 8, 2 என்று புள்ளிகள். நீல்ஸ் போர் 1913-இல் சொன்ன அணு மாதிரியின் வாரிசு இந்தப் படம். வரைய எளிது, மார்க்கும் நிச்சயம். ஆனால் போரின் கணக்கு கால்சியத்திடம் செல்லுபடியாகாது.

அதற்குச் சாட்சி நம் மாவட்டத்து மலைமேலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் கால்சியத்தின் 'கே' என்ற நிறமாலைக் கோட்டு ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டு ஒளியிலும் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள்.

சிவப்புக் கோட்டில் போர் ஜெயித்தார். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாவதற்கு எலக்ட்ரான் இறங்கினால் 656 நானோமீட்டர் ஒளி வரும் என்பதை எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி இவற்றைக் கொண்டே கணக்கிட்டுவிட்டார். சாதாரண சாதனையல்ல. ஆனால் சுற்றும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து உமிழ்ந்து கருவில் விழ வேண்டுமே என்றால், குறிப்பிட்ட பாதைகளில் உமிழாது என்று விதி போட்டார். ஏன் உமிழாது? எனக்கு இது பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரிதான் படுகிறது. சண்டை நின்றது, காரணம் கேட்கக் கூடாது.

கால்சியத்தில் அந்தத் தீர்ப்பும் எடுபடவில்லை. 'கே' கோடு, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தினுடையது. மிச்சமுள்ள 19-ம் ஒன்றையொன்று தள்ளுவதைக் கணக்கில் சேர்க்கப் போரிடம் வழியில்லை. அதோடு 'கே' தனியாக வருவதுமில்லை. அது 393.4 நானோமீட்டரில் என்றால், 396.8-இல் 'எச்' என்று ஒரு கூட்டாளி. ஒரே இறக்கத்துக்கு இரண்டு கோடு எதற்கு? 1925-இல் எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டென்று சொல்லப்பட்ட பிறகே விடை கிடைத்தது. இரண்டில் 'கே' ஏன் அழுத்தம் என்பதற்கும் வளையம் வாய் திறப்பதில்லை.

அதற்காகப் போரைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. சூரியனின் மேலடுக்கில் கால்சியம் எப்படி எலக்ட்ரானை இழக்கிறது என்று 1920-இல் மேகநாத் சாகா விளக்கியபோது, அணுவுக்குள் ஆற்றல் படிப்படியாக இருக்கிறது என்ற எண்ணம் அவருக்குக் கைகொடுத்தது. நிலைத்தது அந்தப் படிகள்தான், வளையங்கள் அல்ல. நாமோ வளையத்தை வைத்துக்கொண்டு படியை மறந்துவிட்டோம். பதினொன்றாம் வகுப்பில் எலக்ட்ரான் மேகமாக ஆர்பிட்டல் வரும்போது பிள்ளைகள் அந்த மேகத்துக்குள்ளும் வளையத்தையே தேடுகிறார்கள்.

காம்பஸை வைத்துவிட்டு மலைக்கோட்டைப் படிகளைக் காட்டலாம். இந்தப் படியில் நிற்கலாம், அந்தப் படியில் நிற்கலாம், நடுவில் முடியாது. என்ன, அணுவில் மேலே போகப் போகப் படியின் உயரம் குறைந்துகொண்டே வரும். நம் கோட்டையில் அந்தச் சலுகை கிடையாது.