யார் ஏழை என்பதை விற்பவரா முடிவு செய்வது?

மருந்து விலை பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்து நிற்கிறது: 'விலை அதிகம்தான், ஆனால் இல்லாதவர்களுக்கு உதவித் திட்டம் நடத்துகிறோமே!' காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனங்களின் இந்த வாதத்துக்குப் பொருளாதாரம் படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுக்கிறார், ஏழைக்குக் குறைகிறது. இதில் என்ன அநியாயம் என்கிறார்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். இலவச மாத்திரையால் பிழைத்தவர்களும் உண்டு. மறுப்பதற்கில்லை.

ஆனால் நெக்சாவர் கதை வேறு. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான இந்த மருந்தை, அதன் காப்புரிமையை வைத்திருந்த பேயர் நிறுவனம் மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றது. நாளைக்கு நான்கு மாத்திரை, மாதத்துக்கு 120. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே 120 மாத்திரையைச் சுமார் 8,800 ரூபாய்க்குத் தர முன்வந்தது. பேயரின் ஒருநாள் மாத்திரைக்கு ஆகும் காசில் நாட்கோ மாத்திரையை மாதம் முழுக்கச் சாப்பிடலாம், மிச்சமும் இருக்கும். 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச்.குரியன் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே தயாரித்து விற்கும் அனுமதி, கொடுத்தார். நியாயமான விலை என்பதை வாங்கும் மக்களை வைத்தே பார்க்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

உதவித் திட்டம் விலை ஆகாது. விலை என்றால், காசை நீட்டும் எவருக்கும் கடையில் பொருள் கிடைக்கும். உதவிக்கோ விண்ணப்பிக்க வேண்டும், வருமானத்தைக் காட்ட வேண்டும். யாருக்கு, எத்தனை மாதம் என்பது விற்பவர் கையில். நாளை நிறுத்தினாலும் தட்டிக்கேட்க வழியில்லை. மாதச் சம்பளக்காரர் குடும்பம் இதில் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சம்பளச் சீட்டைப் பார்த்தால் ஏழை இல்லை. மாதாமாதம் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் புரட்டவும் முடியாது. வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகிறது. கருணை என்று காட்டப்படும் திட்டம், அந்த 2,80,428 ரூபாயைக் கேள்வியிலிருந்து காப்பாற்றும் வேலையைத்தான் செய்கிறது.

இதே வழக்கில், சிப்லா என்ற மருந்து நிறுவனமும் மலிவாக விற்கிறதே, மக்களுக்கு மருந்து கிடைக்கிறதே என்றும் பேயர் வாதிட்டது. அதே சிப்லாமீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை மீறல் வழக்கு நடத்திக்கொண்டிருந்ததும் பேயர்தான். நேர்மையான வாதமா இது?

2013-இல் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் உரிமத்தை உறுதி செய்து, நாட்கோ பேயருக்குத் தர வேண்டிய ராயல்டியை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கான தசாட்டினிபுக்கும் நீரிழிவுக்கான சாக்சாகிளிப்டினுக்கும் கேட்கப்பட்ட கட்டாய உரிமங்கள் 2013-இலும் 2016-இலும் நிராகரிக்கப்பட்டன.