மொட்டைத் தலையும் மௌனமும்

'நூறாவது நாள்' படத்தைப் போன வாரம் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 1984-ல் வந்த படம். மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்பு ஜாக்கெட்டோடு சத்யராஜ் ஃபிரேமுக்குள் வந்து நிற்கிறார். கதை தெரியும், முடிவும் தெரியும். அப்படியிருந்தும் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் மீதியைப் பார்த்தேன்.

அப்படி என்னதான் செய்கிறார் என்று சில காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை, வில்லன் சிரிப்பு இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று பிடிபடவில்லை. அந்த நெடிய உடம்பு நின்றாலே போதும், அறை சின்னதாகிவிடுகிறது. பேச்சோ மிகக் குறைவு.

அந்தப் பேச்சுக் குறைவின் அருமை நம்மூர்க்காரர்களுக்குக் கூடுதலாகவே விளங்கும். சத்யராஜ் கோவைக்காரர். இயக்குநர் மணிவண்ணன் சூலூர்க்காரர். "ஏனுங்க" என்று மரியாதையாகத் தொடங்கி, வாக்கியம் முடிவதற்குள் எதிராளியைக் கவிழ்த்துவிடுகிற குசும்பு இரண்டு பேருக்கும் ரத்தத்திலேயே ஊறியது. பத்து வருடம் கழித்து 'அமைதிப்படை'யில் அந்த வாயை இருவரும் முழுசாக அவிழ்த்துவிட்டபோது என்ன ஆனதென்று தமிழ்நாடே பார்த்தது. அப்படிப்பட்ட ஆயுதம் கையில் இருக்க, அதைப் பூட்டி வைக்கலாம் என்று மணிவண்ணன் முடிவெடுத்தாரே, படத்தின் முதல் வெற்றி அங்கேதான். பேசுகிற வில்லனிடம் கதாநாயகி கெஞ்சலாம், பேரம் பேசலாம், யாராவது வரும்வரை இழுத்தடிக்கலாம். இந்த ஆளிடம் எதற்கும் வழியில்லை.

இரண்டாவது பலம் மோகன். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து தமிழ்நாட்டு வீடுகள் மாப்பிள்ளையாகவே பார்த்த முகம். அதைக் கணவன் வேடத்தில் வைத்து, அதற்குப் பின்னால் குற்றத்தை ஒளித்தது அபாரமான தேர்வு. மனைவியாக வரும் நளினி ஏமாறும்போது அரங்கமும் கூடவே ஏமாறுகிறது.

கதையின் எலும்புக்கூடு வெளியூர் சரக்கு. இத்தாலியில் லூசியோ ஃபுல்சி 1977-ல் எடுத்த படத்தின் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது.

எனக்குப் பெரிய வருத்தம் நளினியின் பாத்திரத்தில்தான். நடக்கப்போகும் கொலையை முன்கூட்டியே காண்கிற பெண். சொன்னால் நம்ப ஆளில்லை. எவ்வளவு பெரிய தனிமை அது! பயத்தை நளினி நன்றாகவே காட்டுகிறார். ஆனால் பாதிக்கு மேல் துப்புத் துலக்கும் வேலை விஜயகாந்த் கைக்குப் போய்விடுகிறது. நளினிக்கு மிஞ்சுவது அலறல். இளையராஜாவின் டூயட் இன்றைக்கும் இனிக்கிறது, ஆனால் கட்டிவைத்த இறுக்கத்தையும் அதுவே கொஞ்சம் தளர்த்திவிடுகிறது.

இதே தனிமையை ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் கென்ட் 2014-ல் 'தி பாபடூக்' என்று எடுத்தார். பிரசவத்துக்கு மனைவியைக் காரில் அழைத்துப்போன கணவன் வழியில் விபத்தில் சாகிறான். பிள்ளை பிறந்து வளர்ந்தும் அவள் அந்த நாளை விட்டு நகரவில்லை. ஒரு படப் புத்தகத்திலிருந்து பேய் வீட்டுக்குள் வருகிறது. எஸ்ஸி டேவிஸின் தூக்கமில்லாத முகத்தை விட்டு கேமரா விலகுவதே இல்லை. பேயைவிட அந்தத் தாய் பிள்ளையை என்ன செய்துவிடுவாளோ என்றுதான் நமக்கு உதறல் எடுக்கிறது. நளினிக்குக் கிடைக்காத இடம் இது. அந்தப் படத்திலும் ஓட்டை உண்டு. கடைசிக் கட்டத்தில் வீடு அதிர, சத்தம் ஏற ஏற, பயம் இறங்கிவிடுகிறது. முடிவில்தான் கென்ட் மீண்டு எழுகிறார்: பேயை விரட்டாமல் நிலவறையிலேயே வைத்து, அதற்கு மண்புழு கொண்டுபோய்க் கொடுக்கிறாள் தாய்.

அப்படியொரு அமைதியான முடிவை எடுக்கும் திராணி மணிவண்ணனுக்கும் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சத்யராஜின் வாயைக் கட்டிய கைதானே அது! ஆனால் அந்தக் கூட்டணியை ஊர் கொண்டாடியது பேச்சுக்காக. 2013-ல் 'நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' வந்தது, அடுத்த மாதமே மணிவண்ணன் போய்விட்டார். அந்த மொட்டைத் தலை மௌனத்துக்கு இணையாக இன்னொன்றை இருவரும் சேர்ந்து நமக்குத் தரவே இல்லை.