வண்ண அகச்சிவப்புப் படச்சுருள்: மறைவும் மீட்பு நம்பிக்கையும்

வண்ண அகச்சிவப்புப் படச்சுருள் என்பது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பதிவு செய்யும் ஒளிப்படச் சுருள் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பச்சை வண்ணம் பூசி மறைத்து வைத்த போர்த் தளவாடங்களை வானிலிருந்து அடையாளம் காண்பதற்காகக் கோடாக் நிறுவனம் இதை உருவாக்கியது. பின்னர் காடு, பயிர், நில அளவைப் பணிகளுக்கு இது பயன்பட்டது. ‘ஏரோகுரோம்’ என்ற பெயரில் விற்கப்பட்டுவந்த இச்சுருளை 2009இல் கோடாக் நிறுத்தியது. இதனை மீண்டும் தயாரிக்க வேண்டும் என்ற குரல் ஒளிப்படக் கலைஞர்களிடையே இன்றும் கேட்கிறது. அந்த விருப்பம் எவ்வளவு பொருத்தமானது என்பதைக் கொங்கு நாட்டுத் தென்னந்தோப்புகளை முன்வைத்துப் பார்க்கலாம்.

செயல்படும் முறை

சாதாரண வண்ணச் சுருளின் மூன்று படலங்கள் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளைப் பதிவு செய்யும். இச்சுருளின் படலங்களோ பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும். நீல ஒளியைத் தடுக்க லென்சின் முன் மஞ்சள் வடிகட்டி பொருத்தப்படும். படத்தில் பச்சை நீலமாகவும், சிவப்பு பச்சையாகவும், அகச்சிவப்பு சிவப்பாகவும் மாறிவிடும். நலமான இலையின் உட்செல்கள் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே பசுமையான மரம் குங்குமச் சிவப்பாகத் தெரியும். இலை நலிந்தால் அந்தச் சிவப்பு மங்கும்.

இந்தியாவில்

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஸ்ரோவைச் சேர்ந்த பி. ஆர். பிஷாரடி, கேரளத்தின் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து இவ்வகைச் சுருளில் படமெடுக்கும் ஆய்வை நடத்தினார். வேர் வாடல் நோய் தாக்கிய மரங்களைப் பிரித்தறிவதே நோக்கம். இந்தியத் தொலையுணர்வுத் துறையின் தொடக்கமாக இந்த ஆய்வு கருதப்படுகிறது. 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் கருவிகள் அகச்சிவப்பையும் பதிவு செய்தன. அத்தகைய செயற்கைக்கோள் படங்களில் வயலும் காடும் இன்றும் சிவப்பாகவே காட்டப்படுகின்றன. சுருள் மறைந்துவிட்டது. அது வகுத்த வண்ண மரபு மாணவர்களின் பாடநூல் வரை வந்து நிலைத்துவிட்டது.

மீட்பு நம்பிக்கை பற்றிய மதிப்பீடு

அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்ட் மோஸ், காங்கோவின் போர்ப் பகுதிகளை ஏரோகுரோமில் படமெடுத்து 2013இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் காட்டினார். இளஞ்சிவப்புக் காடுகளின் மீதான ஆர்வம் அதன்பின் பெருகியது. கோடாக் தன் எக்டாகுரோம் சுருளை 2018இல் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் நம்பிக்கையை வளர்த்தது. எனினும் இரண்டும் ஒன்றாகா. அகச்சிவப்புச் சுருளைக் குளிர்பதனத்தில் காக்க வேண்டும். முழு இருட்டில் கையாள வேண்டும். அதைப் பெருமளவில் வாங்கிய படைத்துறையும் அளவைத் துறைகளும் எண்ணிமக் கருவிகளுக்கு மாறிவிட்டன. சில நூறு கலைஞர்களை நம்பிப் பூச்சு ஆலை ஓடாது.

ஆலை நின்றால் என்ன ஆகும் என்பதை நீலகிரி அறியும். 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. எந்திரத்தை மறுபடி வாங்கிவிடலாம். கலைந்துபோன தொழிலாளரின் கைப்பழக்கத்தை விலைக்கு வாங்க இயலாது.

லோமோகுரோம் பர்ப்பிள் போன்ற மாற்றுச் சுருள்கள் பச்சையை ஊதாவாக்கிக் காட்டுகின்றன. அவை அகச்சிவப்பைப் பதிவு செய்வதில்லை. பார்வைக்கு ஏரோகுரோமை ஒத்திருந்தாலும், நோயுற்ற தென்னையையும் நலமான தென்னையையும் அவற்றால் பிரித்துக் காட்ட முடியாது. நிறம் மட்டும் மீண்டிருக்கிறது, தகவல் மீளவில்லை. கலை ஆர்வலர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

பொள்ளாச்சியின் தேவை

பிஷாரடி கேரளத்தில் தேடிய அதே வேர் வாடல் நோய், அண்மை ஆண்டுகளில் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தோப்புகளை வாட்டிவருகிறது. இதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோய் முற்றிய மரங்களை வெட்டி அகற்றுவதும், பூச்சிகள் வழியே அது பரவுவதைத் தடுப்பதும்தான் வழி. ஆகவே முன்கூட்டி அறிவதற்கு மதிப்பு அதிகம்.

சென்டினல்-2 செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் அளவுடையது. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஒரு மரத்தைத் தனியே பார்க்க அது போதாது. தாழப் பறந்து எடுத்த சுருள் இதைச் செய்தது. அகச்சிவப்புக் கருவி பொருத்திய ட்ரோன் இன்று இதைச் செய்ய முடியும். ஆனால் படம் மட்டுமே நோயின் பெயரைச் சொல்லிவிடாது. வறட்சி, சத்துக் குறைவு, 2016 முதல் இப்பகுதியைத் தாக்கிய சுருள் வெள்ளை ஈயால் படியும் கரும்படலம் ஆகியவையும் சிவப்பை மங்கச் செய்யக்கூடும். தோப்புக்குள் இறங்கி, ஓலையைப் பிடித்துப் பார்க்கும் விவசாயியும் வேளாண் அலுவலரும் படத்துடன் சேர வேண்டும்.

ஏரோகுரோம் திரும்பி வந்தால் கலைக்கு அது வரவே. தென்னை விவசாயிக்கு வேண்டியது அச்சுருள் கற்றுத்தந்த பார்க்கும் முறை. அம்முறைக்குச் சுருள் தேவையில்லை. குறைந்த செலவில், உரிய பருவத்தில், சிறு தோப்புக்கும் அது எட்டுகிறதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.