மனிதருக்கான பட்டையில் பூனையின் சிறுநீரகம்

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் கிட்னிப் பேச்சு பெரும்பாலும் இனிப்புநீரோடு சேர்ந்தே வரும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது இனிப்புநீர்தான். அதனால் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பது நமக்கெல்லாம் பழகிப்போன சோதனை. வளர்ப்புப் பூனை பத்து வயதைத் தாண்டி, தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகத் தொடங்கியதும் கால்நடை மருத்துவரிடமும் அதே கேள்வியோடு போய் நிற்கிறோம்: "புரதம் போகுதா டாக்டர்?" இல்லை என்று பதில் வந்தால் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் மிகக் குறைவு.

இனிப்புநீரில் முதலில் பழுதாவது சிறுநீரகத்தின் வடிகட்டி. அது ஓட்டையானால் புரதம் ஒழுகும். வயதான பூனைக்கு வரும் நாள்பட்ட சிறுநீரக நோயில் பெரும்பாலும் அடிவாங்குவது வடிகட்டியைத் தாண்டியுள்ள நுண்குழல்களும் அவற்றுக்கிடையே உள்ள திசுவும். அங்கே அழற்சி வந்து, தழும்பேறி, குழல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். வடிகட்டி ஓரளவு தாக்குப்பிடிப்பதால் புரதம் அதிகம் இறங்காது. நோய் உறுதியான பூனைகளிலேயே பலவற்றின் சிறுநீரில் புரதம் சொற்பம்தான். ஆகவே புரதம் இல்லை என்பதற்கு நோய் இல்லை என்று பொருள் கொள்ள முடியாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? இருப்பதிலேயே மலிவான எண்ணை: சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி. கையடக்கமான ஒளிவிலகல்மானி ஒன்றும் இரண்டு சொட்டுச் சிறுநீரும் போதும். பூனை பாலைவன மரபில் வந்த பிராணி. குடிக்கும் கொஞ்ச நீரையும் இறுக்கிப் பிடித்து, மிக அடர்த்தியான சிறுநீரைக் கழிக்கும். ஒப்படர்த்தி 1.035-க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். 1.008-க்கும் 1.012-க்கும் இடையிலேயே நின்றுவிட்டால், நீரை இறுக்கவோ தளர்த்தவோ சிறுநீரகத்தால் முடியவில்லை என்று பொருள். சிறுநீரகத்தின் வேலை அலகுகளான நெஃப்ரான்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போனதும் அடர்த்தி குறையும் என்றும், நான்கில் மூன்று பங்கு போன பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும் என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. இந்தக் கணக்குப்படி இரத்தத்தை முந்திக்கொண்டு சிறுநீர் பேசுகிறது. இரத்தப் பரிசோதனைக்குத் தயங்காமல் பணம் கட்டிவிட்டுச் சிறுநீரை விட்டுவிடும் வழக்கம் எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சில பூனைகள் கிரியேட்டினின் ஏறிய பிறகும் அடர்ந்த சிறுநீரையே கழிக்கும். பாடநூல் விதிக்குப் பூனை முழுவதுமாகக் கட்டுப்படுவதில்லை. மறுபுறம், தைராய்டு மிகை, இனிப்புநீர், ஸ்டீராய்டு மருந்து, ஏன், டின் உணவின் ஈரம்கூட அடர்த்தியைக் குறைத்துவிடலாம். ஒருமுறை எடுத்த எண் ஒரு சந்தேகத்தை எழுப்பும், அவ்வளவுதான். அதே பூனையிடம் மாதக்கணக்கில் எடுத்த எண்கள் வரிசையாகக் கீழே இறங்கினால்தான் அது சாட்சியாகும்.

சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் காகிதப் பட்டையைப் பலரும் நம்புகிறார்கள்; சோதனைகளிலேயே பலவீனமானது அதுதான். அது மனிதரின் சிறுநீருக்காகச் செய்தது. அதிலுள்ள ஒப்படர்த்திக் கட்டம் பூனைக்கு உதவாது. வெள்ளணுக் கட்டம் பூனைச் சிறுநீரில் அடிக்கடி பொய்யாக நிறம் மாறும். புரதக் கட்டமும் சிறுநீர் காரமாகவோ மிக அடர்ந்தோ இருந்தால் ஏமாற்றும். பினாங்கின் நண்பகல் வெக்கையில் சிறுநீரைப் புட்டியில் வைத்துக்கொண்டு நாலு மணிநேரம் அலைந்தால், கிருமிகள் யூரியாவைச் சிதைத்து அதைக் காரமாக்கிவிடும். பட்டையும் இல்லாத புரதத்தைக் காட்டும். குளிர்பெட்டியில் வைத்தாலோ உடலில் இல்லாத படிகங்கள் புட்டிக்குள் உருவாகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆரோக்கியமான பூனையின் சிறுநீரிலேயே காக்ஸின் என்ற புரதம் கணிசமாக இருக்கிறது. காயடிக்காத ஆண் பூனையிடம் இன்னும் அதிகம். ஜப்பானில் மசாவோ மியாசாக்கியின் குழு 2003-இல் இதை விவரித்தது. பூனை மூத்திரத்தின் வீச்சத்துக்கு மூலப்பொருளான ஃபெலினின் உருவாவதில் இதற்குப் பங்கு உண்டு என்பதும் பின்னர் தெரிந்தது. இதைச் சுரப்பவை சிறுநீரக நுண்குழல் செல்கள்தான். அவை நலிந்தால் இது குறையும். புரதம் கூடுவதைத் தேடும் நாம், குறைவதைத் தேட வேண்டிய இடம் இது! அதையே முன்னெச்சரிக்கைக் குறியாகப் பயன்படுத்தலாமா என்று லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை.

இவ்வளவு சொன்னதால் புரத அளவீடே வீண் என்று ஆகாது. சிறுநீரிலுள்ள புரதத்தை அதே சிறுநீரின் கிரியேட்டினினால் வகுத்துக் காணும் விகிதம், பட்டையைவிடப் பல படி மேல். ஐரிஸ் என்ற பன்னாட்டு நிபுணர் குழுவின் வரையறைப்படி பூனைக்கு 0.2-க்குக் கீழே கவலையில்லை, 0.4-ஐத் தாண்டினால் புரதக் கசிவு. நாய்க்கான 0.5-ஐவிட இது குறைவு. அதே லண்டன் கல்லூரியின் 2006 ஆய்வில், இந்த விகிதம் கூடக் கூடப் பூனைகளின் ஆயுள் குறைந்திருந்தது. கசிவைக் குறைக்க டெல்மிசார்ட்டன் என்ற மருந்தும் இருக்கிறது. ஆக, நோயைக் கண்டுபிடிக்க இந்த விகிதம் சுமாரான கருவி. கண்டுபிடித்த பின் நோயின் போக்கைக் கணிக்கவும் மருந்தைத் தீர்மானிக்கவும் நல்ல கருவி. சிறுநீர்த் தாரையில் தொற்றோ இரத்தமோ இல்லை என்று உறுதி செய்து, சில வார இடைவெளியில் மீண்டும் பார்த்தால்தான் இதற்கும் மதிப்பு.

அண்மையில் வந்தது சிஸ்டாட்டின்-பி சோதனை. குழல் செல்கள் உடையும்போது சிறுநீரில் கொட்டும் புரதம் அது. இப்போது நடக்கும் சேதத்தை அது காட்டும்; எஞ்சியிருக்கும் திறனைக் காட்டாது. சேதம் நின்று தழும்பேறிய சிறுநீரகத்தில் அது இயல்பாகவே இருக்கலாம். ஒப்படர்த்தியைக்கூடத் தொடர்ந்து பார்க்காத வீட்டுக்கு இந்தச் சோதனைக்குப் பணம் செலவழிப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

மேலே சொன்னதெல்லாம் வீடுள்ள பூனைக்கு. தெருப்பூனையின் கதை வேறு. ஜார்ஜ்டவுனில் 2013-இல் தெருவிலங்குகளுக்காக ஓவியர்கள் '101 லாஸ்ட் கிட்டன்ஸ்' என்ற திட்டத்தில் சுவரெங்கும் பூனைகளை வரைந்தார்கள். பயணிகள் இன்றும் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில், மீனும் சோறும் தின்று வாழும் உயிருள்ள பூனையிடம் சிறுநீரை எப்படிப் பிடிப்பது? வயிற்றில் ஊசி செலுத்தி எடுக்கலாம், அதற்குப் பூனை முதலில் கையில் சிக்க வேண்டும். சிறுநீரின் தொடர் எண்கள் என்ற யோசனையே அங்கே அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது எடை. நோய் உறுதியாவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே பூனைகளின் எடை குறையத் தொடங்குவதாக 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தினமும் சோறு வைக்கும் ஒருவர், பழகிய பூனையைக் கூடையில் வைத்து மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து எழுதி வைப்பது, அஞ்சடியில் நடக்கக்கூடிய காரியம்.