ஆத்தங்குடித் தரைக்கல்

காரைக்குடியிலிருந்து செட்டிநாட்டுச் சிற்றூர்களைச் சுற்றிவரும் அரைநாள் பயணத்தில் குன்றக்குடிக் குன்றையும் பிள்ளையார்பட்டிக் குடைவரையையும் தவறவிடுவோர் அரியர். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் கொட்டகைகளின் முன்னும் வண்டியை நிறுத்துவோர்க்கோ, கைத்திறனையும் பொறுமையையும் ஒருங்கே காணும் பேறு வாய்க்கிறது. சூளையில் வேகாமல், சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் சேர்ந்து உருவாகும் கல் இது. துடைத்த கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, அதற்குள் பூவேலை அச்சை, அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று கலவாமல் காக்கும் உலோகத் தடுப்புகளால் ஆன கூட்டை, இறக்கிவைக்கும் தொழிலாளி, கூழாகக் கரைத்த மஞ்சளையும் சிவப்பையும் பச்சையையும் சிறு கரண்டியால் அறைதோறும் ஊற்றுகிறார். பின்னர் அவர் கை நடுங்காமல் அச்சை நேர்மேலே தூக்க, தடுப்பு நீங்கிய பின்னும் நிறங்கள் தத்தம் எல்லையிலேயே நிற்கின்றன. எத்தனை முறை கண்டாலும் திகட்டாத நொடி அது. அந்நிறங்களின்மேல் உலர்ந்த கலவையைத் தூவும்போது மெல்லிய சரசரப்பும், ஈரக் கலவையைக் கரணையால் இழுத்துச் சமன்செய்யும்போது கரகரப்பும் எழுகின்றன. இறுகிய கல் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்ததும், கண்ணாடி எளிதாக விலகிக்கொள்ள, அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. பூவின் ஓரத்தில் சில வேளை நிறம் சற்றே கசிந்திருக்கும். அதைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை, பிசகாத கோட்டையே விரும்புவோர்க்கு ஆலைக் கற்கள் இருக்கவே இருக்கின்றன. பதித்த புதிதில் இக்கல் முழு மெருகையும் காட்டுவதில்லை. நாள்தோறும் துடைக்கப்பட்டு, வெறுங்கால்கள் நடந்து நடந்தே அம்மெருகு கூடுகிறது.