வால்வு திறப்பவர்

பேரூராட்சிக் குடிநீர் என்றால் நம் கண்ணில் படுவது கால்களை அகட்டி நிற்கும் மேல்நிலைத் தொட்டி மட்டும்தான். அது செய்யும் வேலை உயரத்தில் நிற்பது: 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். வித்தை கீழே, தெருமுனைக் குழியில் இருக்கிறது.

டேங்க் ஆபரேட்டர் நீண்ட 'டி' வடிவச் சாவியைக் குழிக்குள் இறக்கி வால்வைத் திருகுவதைப் பாருங்கள். அவசரமே இருக்காது. சட்டென்று மூடினால் ஓடிவரும் நீர் குழாயையே அறையும். பழைய இணைப்புகள் விட்டுக்கொள்ளும். மேட்டுத் தெருவுக்கு எத்தனை சுற்று, பள்ளத்தெருவை எவ்வளவு இறுக்கினால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறும் என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும், காகிதத்தில் அல்ல. அவர் விடுப்பில் போனால் ஊருக்கே தெரிந்துவிடும்.

குளோரின் கலப்பதும் பல ஊர்களில் அவர் பாடுதான். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் தொட்டியில் விட வேண்டும். கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது தரக்கணக்கு. வாடை அடிக்கிறதென்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாடை பிடிக்கும். ஆள் இன்று வேலைக்கு வந்திருக்கிறார்.