கோட் விழாத நடுக்கம்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதுவரை நாட்டின் பழைய ஜப்பான் கார்களை ஓட வைத்தவர்கள் கராஜ் பாஸ்மார். வத்தளையில், நீர்கொழும்பு வீதியை விட்டு உள்ளே போகும் ஒழுங்கைகளில் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்து நிற்பது எனக்குப் பிடிக்கும்; அதுவும் எஞ்சின் நடுங்குகிறது, ஸ்கேனரில் பழுதுக் கோட் ஒன்றுமில்லை என்கிற நேரத்தில்.

கோட் இல்லாவிட்டால் பழுதில்லை என்றாகாது. எரிபொருள் பற்றாமல் தவறும் தடவைகள் ஓர் அளவைத் தாண்டினால்தான் காரின் கணினி பதியும். தேய்ந்த எஞ்சின் மவுண்டை அறிய அதற்கு வழியே இல்லை.

நல்ல பாஸ் முதலில் கேள்வி கேட்பார். ஐட்லிங்கில் மட்டுமா? ஏசி போட்டால் கூடுதா? பிறகு ஓடும் எஞ்சினில் கொயில் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். எந்தச் சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றியும் எஞ்சின் தளரவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே உழைக்கவில்லை. அதன் கொயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றுவார். பழுதும் கூடவே போனால் கொயில்தான். ஸ்கேனரையும் அவர் ஒதுக்குவதில்லை. கணினி எரிபொருளைத் திருத்தும் அளவான ஃபியூவல் ட்ரிம் ஐட்லிங்கில் ஏறி, ஆக்சிலேட்டரை மிதிக்க இறங்கினால், பெரும்பாலும் எங்கோ கள்ளக் காற்று புகுகிறது.

கோட் இல்லை என்றதும் பிளக், கொயில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரும் உண்டு. சிலவேளை நடுக்கம் நிற்கும்தான். எது பழுதென்று அவருக்கும் தெரியாது, கார்க்காரருக்கும் தெரியாது, பில் மட்டும் நீளும்.